செவ்வாய்க்கிழமை வராத புல்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் நலத்துக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இருமல் நின்றதா? ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே.

இத்துடன் ஒரு காகித மடிப்பு வைத்திருக்கிறேன். பார்த்துப் பிரி, உள்ளே இருப்பது குத்தும். இது என்ன புல்லின் விதை, அது எந்த மாதிரி இடத்தில் வளரும் என்று மட்டும் எழுது. அவசரம் ஒன்றும் இல்லை. மறு தபாலில் எழுதினால் போதும்.

உன் அத்தானைப் பற்றி ஒரு நல்ல செய்தி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே மாலைப் பிரார்த்தனைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஆண்டவனிடம் கேட்டது இந்த ஒன்றுதான். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. பிரார்த்தனை மண்டபத்துப் படியை மிதிக்காத மனிதர், இன்று நான் சொல்லாமலே ஐந்து மணிக்கு ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். ஏழு மணிக்கு முகம் தெளிந்து திரும்புகிறார். நான் காலை நேரத்துக்குப் போகிறவள். அங்கே வரும் பெண்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார்கள். சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அவ்வளவு சந்தோஷம்.

விதை விஷயம் மறக்காதே.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

இருமல் உன் கடிதத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி?

இந்தத் தாவர நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நம் வீட்டில் ஒருவராவது என்னிடம் புல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதுண்டா? 'புல்லு' என்று பட்டப்பெயர் வைத்தீர்கள், அத்தோடு சரி. "தம்பி என்ன பண்றான்?" என்று யாரோ கேட்டதற்கு, "ஆபீஸ்ல உக்காந்து புல்லு புடுங்குறான்" என்று சொன்னவளும் நீதான். இன்று நீயே கேட்கிறாய். கடிதத்தைப் பக்கத்து மேஜைக்காரரிடமும் காட்டினேன்.

விதையின் தலையில் மயிர் போல மூன்று வால்கள் இருக்கின்றன, பார்த்தாயா? அடிப்பக்கம் ஊசி. துணியில் ஏறினால் முன்னேறத்தான் தெரியும், பின்வாங்கத் தெரியாது. நாங்கள் மூன்று வால் புல் என்போம். இதில் ஒரே பருவத்தில் முளைத்து, விதைத்து, செத்துப்போகும் ஓராண்டுப் புல்லும் உண்டு. வருஷக்கணக்கில் நிற்பதும் உண்டு. எது என்று வேரைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆகவே முழுச் செடியை வேரோடு பிடுங்கி, பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தி அனுப்பு. எங்கே எடுத்தாய், வெயிலா நிழலா, மண் ஈரமா வறட்சியா, எல்லாம் எழுது.

அத்தானின் பக்தி எனக்கும் ஆச்சரியம்தான். விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. மற்றபடி நலம்.

வேர் கிடைக்காது. மேல்பாகம் மட்டும்தான் வருகிறது.

எங்கே எடுத்தாய் என்று கேட்டாய். வீட்டில்தான். துணி துவைக்கும் தொட்டிப் பக்கம். அங்கே வெயில் வராது, எப்போதும் ஈரம். தினமும் மாலையில் கிடைக்கிறது, செவ்வாய்க்கிழமை தவிர. செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட இருக்காது. பால் கணக்கு நோட்டிலேயே ஓரமாகக் குறித்து வருகிறேன், அதனால் தவறு இல்லை. இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை என்பதை ஆண்டவன் அறிவான்.

எந்த இடத்தில் வளரும் என்றுதான் நான் கேட்டேன். நீ வேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

அத்தான் நலம். செவ்வாய்க்கிழமை மண்டபம் கழுவுகிற நாள் என்பதால் அன்று மட்டும் வீட்டில் இருக்கிறார். மற்றபடி ஒரு நாள் தவறுவதில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 11

என் அருமை அக்கா,

நலம், நலம், மிக மிக நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இப்போது செய்தியைக் கேள்.

எங்கள் இயக்குநர் யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழாதவர். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஈரத்துலயா? நிழல்லயா? உங்க அக்கா விளையாட்டுக்குச் சொல்லலியே?"

"அவங்க பால்காரர்கிட்டகூட விளையாட்டுக்குப் பேசினதில்ல சார்."

"செவ்வாய்க்கிழமை?"

"அன்னிக்குப் புல்லுக்கு லீவு போல சார்."

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், இந்தப் புல் வளர்வதாக எங்களுக்குத் தெரிந்தது ஒரே மாதிரி இடம்தான். சரளைக்கல் தரை. மர நிழல் கூடாது, தண்ணீர் நிற்கக் கூடாது. மற்ற செடிகளெல்லாம் வேண்டாமென்று கைவிட்ட இடமாக இருக்க வேண்டும். ரயில்வே சரக்குக் கொட்டகை, பழைய செங்கல் சூளை, கல் உடைத்த குழி, இப்படி. வீட்டுக்குள், அதுவும் ஈரத்தில், இதுவரை யாரும் கண்டதில்லை. நீ கண்டிருக்கிறாய்!

ஜூன் மாதக் கூட்டத்தில் இதைப் பற்றி நான் கட்டுரை படிக்க வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு. தலைப்புகூட எழுதிவிட்டேன். 'வாழிடம்' என்ற இடத்தில் 'துணி துவைக்கும் தொட்டி' என்று போட்டிருக்கிறேன். மே மாதம் அவரே தொட்டியைப் பார்க்க வருகிறாராம். அளவுநாடாவோடு.

மகிழ்ச்சியோடு,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. இரவில் தூக்கம் வருவதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மண்டபத்துத் தரை பளிங்கு. வீட்டிலிருந்து அங்கே போகிற வழி முழுக்கத் தார் ரோடு. சும்மா சொல்கிறேன்.

இப்போது விதை துணியின் கால் பக்கம் மட்டும் இல்லை, முதுகுப் பக்கமும் கிடைக்கிறது. ஒரு விதை மனிதன் முதுகில் ஏற வேண்டுமானால் அவன் அந்த இடத்தில் நின்றால் போதுமா, உட்கார வேண்டுமா, படுக்க வேண்டுமா? அறிவியலுக்காகக் கேட்கிறேன்.

இயக்குநர் வர வேண்டாம். தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 3

மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நலம். நீயும் நலமாக இரு, ஏனென்றால் எனக்கு உன் உதவி வேண்டும். முப்பது வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கிழித்துப் போட்டுவிடு.

நீ உன் அக்காவுக்கு எழுதியது மேஜை மேல் இருந்தது. "சரளைக்கல் தரை, நிழல் கூடாது, ரயில்வே சரக்குக் கொட்டகை" என்று படித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. நான் படுக்கிற இடத்தை நேரில் வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாய். என் சாக்ஸில் ஒட்டி வரும் விதையைத்தான் உன் அக்கா உனக்கு அனுப்பியிருக்கிறாள்.

முதல் நாள் உண்மையாகவே மண்டபத்துக்குத்தான் போனேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் உன் அக்கா என்னை அலமாரி அலமாரியாகத் துடைக்க வைத்தாள். அங்கே புதுசாக வந்தவர் என்று மரியாதை செய்து முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மின்விசிறிக் காற்று, பிரார்த்தனை நடத்தும் பெரியவருடைய தாலாட்டு மாதிரிக் குரல். தூங்கிவிட்டேன். குறட்டை. மைக் என் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுக்கக் கேட்டதாம். ஒரு குழந்தை "அம்மா, லாரி உள்ள வருது" என்று அழுததாம். பெரியவர் என்னைத் தட்டி எழுப்பினார். "ஐயா, நீங்க வீட்லயே கும்பிடுங்க. அவன் எங்கயும் இருக்கான்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிற்கிறாள்.

"போனீங்களா?"

"போனேன்."

அவள் கண்ணில் தண்ணீர். "முப்பது வருஷமா கேட்டேன்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, மச்சான்? மறுநாளும் கிளம்பினேன். கொட்டகைக்குப் பின்னால் உடைந்த சரக்கு ரயில் பெட்டி ஒன்று நிற்கிறது. அதன் ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டு வருகிறேன். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. தூக்கம் ஒன்றுதான்.

நீ ஒரே ஒரு வரி எழுது: இந்தப் புல் எல்லா இடத்திலும் வளரும், பளிங்குத் தரையிலும் வளரும் என்று.

அத்தான்


மார்ச் 14

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன், நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்குத்தான் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் இல்லை.

பளிங்கில் புல் வளரும் என்று எழுத என் கை வராது. நீங்கள் குறட்டை விட்டதற்கு நான் அறிவியலில் பொய் சொல்ல வேண்டுமா? என் நிலைமையை யோசித்தீர்களா? 'துணி துவைக்கும் தொட்டி' என்று எழுதியதை அடித்துவிட்டு 'அத்தானின் சாக்ஸ்' என்று எழுத வேண்டும். இயக்குநர் அளவுநாடா வாங்கிவிட்டார்.

நீங்களே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், ஆனால் பொய்யும் எழுத மாட்டேன். அதனால் அவளுக்குக் கடிதமே எழுதாமல் இருக்கிறேன். "படுக்க வேண்டுமா" என்று கேட்டிருக்கிறாள் அத்தான். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று புரிகிறதா? உங்களோடு இன்னும் யார் படுத்திருப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள். மூக்கு வைத்தியரையும் பாருங்கள்.

மச்சான்


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கூட்டத்துக்குத் தயாராவதில் சாப்பாட்டை மறந்துவிடாதே.

இனி அந்தப் புல்லைப் பற்றி எழுத வேண்டாம். விதை நின்றுவிட்டது. சாக்ஸ், சட்டை, எல்லாம் சுத்தம். ஆமாம், சாக்ஸில்தான் இருந்தது. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நடுவில் என் மனதில் என்னென்னவோ வந்து போனது. அதை எழுதிக் காகிதத்தை அசிங்கப்படுத்த விரும்பவில்லை. ஒரு மனைவி நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன். விதை வருவது நின்றுவிட்டால் பிரார்த்தனை நடக்கும் இடத்தில் விரிக்க ஒரு கம்பளம் தருவதாக வேண்டிக்கொண்டேன். நின்றுவிட்டது! அத்தான் ஏதோ கொஞ்ச நாள் வழி தவறிப் போய், மறுபடி மண்டபத்துக்கே வந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

கம்பளம் வாங்கிவிட்டேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடும்போது, அத்தான் கையாலேயே முதல் வரிசையில் விரிக்கச் சொல்லப் போகிறேன். அவருக்கு இன்னும் தெரியாது. பெண்களிடம் சொன்னேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நெகிழ்ந்துபோயிருப்பார்கள்.

மன நிறைவோடு,
உன் அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கம்பளத்தை வீட்டிலேயே வை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கையில் சேர வேண்டும் என்று நானே தபால் நிலையத்துக்கு நடக்கிறேன்.

என் தொழில் சம்பந்தமாக மட்டும் எழுதுகிறேன். வேறு எதுவும் என்னைக் கேட்காதே. அது ஓராண்டுப் புல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓராண்டுப் புல் வெயில் ஏறினால் விதையை உதிர்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே காய்ந்து செத்துவிடும். ஆகவே சாக்ஸில் விதை இல்லை என்றால் புல் செத்துவிட்டது என்றுதான் பொருள். அந்த இடத்துக்கு யாரும் போகவில்லை என்று பொருள் இல்லை. இந்த வரியை இரண்டு தடவை படி.

நீ பிப்ரவரியில் கேட்டதற்கும் பதில்: படுக்க வேண்டும். ஆனால் தனியாகப் படுத்திருப்பவர் முதுகிலும் விதை ஏறும். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திரு.

உன் கடிதம் வந்த அன்று அவர் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். ஊரில் சரளைத் தரை இரண்டே இடம். செங்கல் சூளை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஆகவே சரக்குக் கொட்டகை. பின்பக்கம் போனால் தரை முழுக்க வைக்கோல் நிறத்தில் காய்ந்த புல். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். நூல் மாதிரி வேர், கையோடு வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன், செய்தித்தாளில் அழுத்தித்தான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. எஞ்சின் வருகிறது என்று ஒதுங்கி நின்றேன். தண்டவாளத்தில் ஒன்றும் வரவில்லை. உடைந்த பெட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் உன் அத்தான். ஷூவைத் தலைக்கு வைத்து, கைக்குட்டையை முகத்தில் போட்டு, வாயைத் திறந்து தூங்குகிறார். தனியாக. சுற்றிலும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன், தனியாகத்தான்.

"எந்திரிங்க."

"பிரார்த்தனை முடிஞ்சிருச்சா?" கைக்குட்டையை எடுக்காமலே கேட்கிறார்.

"இனிமேத்தான் ஆரம்பம்."

துள்ளி எழுந்தார். "நீ... நீ எங்க இங்க?"

"புல்லு புடுங்க வந்தேன். உங்க மச்சானுக்கு வேரு வேணுமாம்."

"அவன் சொல்லிட்டானா?"

"அவன் வாயே திறக்கல. உங்க சாக்ஸுதான் சொல்லிச்சு. கூட யாரு வர்றது?"

"என்கூட யாரு வருவா? இந்தச் சத்தத்துல?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நான் முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தேன். 'லாரி உள்ள வருது' என்று அந்தக் குழந்தை அழுத இடத்தில் என்னால் முடியவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

இதில் என்ன வேடிக்கை தெரியுமா? அவர் மண்டபத்தில் குறட்டை விட்ட அன்று மாலை நான் அடுப்படியில் இருந்தபோது எனக்கும் அந்த ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. மெஷின் ரிப்பேர், யாராவது அணைத்துத் தொலைக்கக் கூடாதா என்று திட்டினேன். முப்பது வருஷமாகக் காதுக்குப் பக்கத்தில் கேட்கிற சத்தம், தம்பி. படுக்கையறையில் என்றால் தெரிந்திருக்கும். வாழிடம், வாழிடம் என்று நீ எழுதுவாயே, இப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை மண்டபத்தில் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியுமா?" என்று. தரையைப் பார்த்தார்கள். தையற்கடைக்காரி மட்டும், "நீங்க அவ்ளோ சந்தோஷமா சொன்னீங்கக்கா. எந்த வாயால சொல்றது?" என்றாள். உன் அத்தானும் இதையேதான் சொன்னார். எல்லாரும் சேர்ந்து என் சந்தோஷத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

ஒன்று மட்டும்தான் நெஞ்சில் உறுத்துகிறது. கேட்டது கிடைத்துவிட்டது என்று தினமும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். கொடுத்த நன்றியைத் திரும்ப வாங்குவது எப்படி? கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அக்கா


மே 15

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம், இயக்குநர் தவிர. அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப தொட்டி?"

"தொட்டி இல்ல சார். சாக்ஸ்."

"செவ்வாய்க்கிழமை?"

"மண்டபம் கழுவுற நாள் சார்."

அளவுநாடாவைச் சுருட்டி மேஜைக்குள் போட்டார். என் கட்டுரை அத்தோடு முடிந்தது. உலகத்தில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. சரளைத் தரையில் வளரும் புல், சரளைத் தரையில்தான் வளர்ந்திருக்கிறது.

ஆனால் நீ அனுப்பிய செடியை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தோம். நூல் வேர், அடியில் போன வருஷத்துக் காய்ந்த தண்டு கிடையாது. சந்தேகமில்லாமல் ஓராண்டுப் புல். இயக்குநர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேரு ஒண்ணுகூட அறுபடல. நீ ஒரு தடவையாவது இப்படிக் கொண்டாந்திருக்கியா?" என்று என்னைக் கேட்டார். நிலையத்தில் அந்தச் செடி இருக்கும். கீழே 'சேகரித்தவர்: என் அக்கா' என்று எழுதினேன். இனி நம் குடும்பத்தில் புல்லு புடுங்குகிறவர்கள் இரண்டு பேர்.

நன்றி விஷயம் என் துறை இல்லை. அத்தானைக் கேள்.

தம்பி


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால் பரவாயில்லை. தினமும் கொட்டகை வரை நடக்கிறேன், அதனால் இருக்கலாம்.

அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அலமாரி துடைக்கச் சொல்வதையும் குறைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு இருவரும் கிளம்புகிறோம். கம்பளத்தைச் சுருட்டி அவர் தோளில் வைத்துக்கொள்கிறார். பிரார்த்தனை நடக்கும் இடத்தில் விரிப்பதாகத்தான் வேண்டிக்கொண்டேன். ஆகவே கொட்டகைக்குப் பின்னால் அதை விரித்து உட்கார்ந்து நான் பிரார்த்தனைப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். மைக் கிடையாது. இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் அவர் தூங்கிவிடுகிறார். குறட்டைக்கு மேலே குரலை உயர்த்திப் படித்துப் பழகிவிட்டது. இதற்கு என்ன பலன் என்று யோசிக்காமல்தான் படித்து வந்தேன்.

நேற்று ஒரு நீளமான சரக்கு ரயில் போனது. படிப்பதை நிறுத்தினேன். ரயில் போய் முடிந்தும், வரி எங்கே விட்டது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், குறட்டையும் நின்றிருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"நீங்க தூங்கலியா?"

"தூங்கிட்டுத்தான் இருந்தேன். நீ நிறுத்தினதும் முழிப்பு வந்துருச்சு."

நான் இன்னும் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த வரியை அவரே சொன்னார். பாதி தப்பு. என்னைத் தெரியுமல்லவா, பால் கணக்கில்கூடத் தப்பை விட மாட்டேன். ஆனாலும் திருத்தவில்லை. அவர் சொன்ன இடத்திலிருந்தே மேலே படித்தேன்.

நன்றியைத் திரும்பக் கேட்கப் போவதில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜன்னலை மூடித் தூங்கு.

உன் அக்கா